படமும் பெயரும்: காட்சித் தேடுபொறிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு பொருளைத் தேடுவோன் அதன் பெயரை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய நியதி. அகராதியைப் புரட்டினோனும், நூலகப் பட்டியலைப் பார்த்தோனும், கடைவீதியிற் பண்டம் வினாவினோனும் சொல்லொன்றைக் கையிற் கொண்டே புறப்பட்டனர். சொல் தெரியாதவன் அறிந்தாரை வினாவினான். வினாவுதற்கு ஆளில்லாதவன் தேடலைக் கைவிட்டான். இன்று இந்நியதி தளர்ந்துவிட்டது. வெள்ளவத்தைக் காலி வீதியிற் புடைவைக் கடையொன்றின் கண்ணாடிக்குள்ளே தொங்கும் சேலையைக் கண்ட பெண், அதன் நெசவின் பெயரை அறியாள். கரையின் பெயரையும் அறியாள். கைத்தொலைபேசியை உயர்த்தி ஒரு படம் பிடிக்கிறாள். மறுகணமே அதனையொத்த நூறு சேலைகள் திரையில் வரிசையாக நிற்கின்றன. கடைக்காரர் வாய் திறக்குமுன்னரே விலையும் தெரிந்துவிடுகின்றது.

இப் புதுவசதியைக் கண்டு வியந்தோர் சிலர், சொல்லின் காலம் முடிந்தது என்று பேசவும் எழுதவும் தலைப்பட்டுள்ளனர். தேடுபொறியில் தம் பொருளை முன்னிறுத்தும் உகப்பாக்கத் தொழிலாளருள்ளும் இக்கூற்றைப் பரப்புவோர் உளர். இனித் திறவுச்சொல் வேண்டா, நல்ல படம் ஒன்றே போதும் என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாணிகருக்கு மாத்திரம் உரிய செய்தி போலத் தோன்றினும், ஆராயுமிடத்து இது தமிழ் கற்போர் அனைவரையும் தொடுவதோர் வினாவாக விரிவதைக் காணலாம்.

தேடலின் பழைய வழிகள்

பெயர் தெரியாத பொருளுக்குப் பெயர் காண்டல் புதிய தேவையன்று. தமிழர் அதற்கெனவே கருவிகள் சமைத்தனர். அகரவரிசை அகராதிகள் தோன்றுமுன் எழுந்த நிகண்டுகள் பொருள்வகையாற் பகுக்கப்பட்டவை. திவாகர நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருளுலகை வகுத்து, ஒவ்வொன்றற்கும் உரிய பெயர்களைத் தொகுத்துக் கூறுவது. செயற்கை வடிவங்களுக்கென்றே அதன்கண் ஒரு தொகுதி உண்டு. மனிதன் கையாற் செய்த உருவங்கள், கருவிகள், அணிகள் ஆகியவற்றின் பெயர்களை அங்கே காணலாம். உருவத்தை நினைந்து பெயரை அடையும் வழி அது.

வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதி இத்துறையில் மேலும் நுட்பமானது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாயில்களை அவர் திறந்து வைத்தார். பெயரகராதி சொல்லினின்று பொருளுக்குச் செலுத்தும்; பொருளகராதி பொருளினின்று அதன் பல பெயர்களுக்குச் செலுத்தும்; தொகையகராதி தொகைப்பட்டு வருவனவற்றை விரித்துக் காட்டும்; தொடையகராதி எதுகை நோக்கிச் செய்யுள் செய்வார்க்கு உதவும். தேடுவோன் கையில் எது இருக்கின்றதோ அதற்கேற்ற வாயில் அமைதல் வேண்டும் என்னும் உண்மையை அவர் இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தார். ஈழநாட்டில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட அபிதான கோசமும் பெயரறிந்தாரை வரலாற்றிடம் சேர்ப்பிக்கும் நன்முயற்சியே.

இக்காலக் காட்சித் தேடுபொறியை, வீரமாமுனிவரின் நான்கு வாயில்களுக்குப் பின் திறந்த ஐந்தாம் வாயில் எனலாம். அவ்வாறு கொள்ளின் அதன் பெருமையும் விளங்கும், அளவும் விளங்கும். புதிய வாயில் திறந்தமையால் வீட்டின் ஏனைய வாயில்கள் அடைபட்டன என்று கூறுவார் இலர்.

பொறி கண் பெற்ற வரலாறு

கூகிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டிற் படத்தேடலைத் தொடங்கியது. ஆயின் அன்று அது படத்தைப் பார்க்கவில்லை. படத்தின் அருகிலுள்ள சொற்களையும் கோப்பின் பெயரையும் படித்தே இன்ன படம் என்று ஊகித்தது. தேடுவோனும் சொல்லையே இட்டான். படத்தையே வினாவாக இடும் வசதியை 2008ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து வெளிவந்த ரின்ஐ என்னும் பொறி பொதுமக்களுக்கு அளித்தது. கூகிள் 2011ஆம் ஆண்டில் அதே வழியை மேற்கொண்டது. இவை பெரும்பாலும் ஒரு படத்தின் பிரதிகளையே கண்டன. படத்திலுள்ள பொருள் இன்னது என்று அறியும் ஆற்றல் குறைவாகவே இருந்தது.

அவ்வாற்றல் வந்த கதை வேறு. 2009ஆம் ஆண்டில் இமேஜ்நெற் என்னும் பெருந்தொகுதி அறிஞருலகிற்கு அறிமுகமாயிற்று. இலட்சக்கணக்கான படங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் இன்ன பொருளின் படம் என்று மனிதரைக் கொண்டு பெயரிடுவித்த தொகுதி அது. அதனை அடிப்படையாகக் கொண்டு ஆண்டுதோறும் நடந்த போட்டியில், 2012ஆம் ஆண்டு கிறிசெவ்ஸ்கி, சுட்ஸ்கேவர், ஹின்ரன் ஆகிய மூவரும் அமைத்த நரம்பு வலையமைப்பு, ஆயிரம் வகைப் பொருள்களை இனங்காண்பதில் ஏனையோரை வெகுதூரம் பின்தள்ளியது. அடுத்துநின்றோரின் பிழை நூற்றுக்கு 26 ஆக, இவர்களின் பிழை ஏறத்தாழ 15 ஆகக் குறைந்தது. அதன்பின் முன்னேற்றம் விரைவாயிற்று. 2017ஆம் ஆண்டிற் பின்ரறெஸ்ற் நிறுவனமும் கூகிள் நிறுவனமும் லென்ஸ் என்ற ஒரே பெயரிலேயே தத்தம் காட்சித் தேடலை வெளியிட்டன. 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தனது லென்ஸ் வழியாக மாதந்தோறும் ஏறக்குறைய 2,000 கோடித் தேடல்கள் நிகழ்வதாகவும், அவற்றுள் ஐந்திலொரு பங்கு பொருள் வாங்குதல் தொடர்பானவை என்றும் கூகிள் நிறுவனம் அறிவித்தது.

பொறி காணும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். படத்தை அது நீண்டதோர் எண்வரிசையாக மாற்றுகின்றது. வடிவு, நிறம், இழை, பாகங்களின் அமைவு ஆகியன யாவும் அவ்வெண்களில் அடங்குகின்றன. ஒத்த படங்களின் எண்வரிசைகள் ஒன்றற்கொன்று அணித்தாகவும், ஒவ்வாதவற்றின் வரிசைகள் சேய்த்தாகவும் அமையும். வினாவாக வந்த படத்தின் வரிசைக்கு அணித்தாயவற்றைப் பொறுக்கி எடுத்து, அப்படங்கள் உறையும் பக்கங்களின் தகுதியையும் பொருத்தத்தையும் நோக்கி, வரிசைப்படுத்தி அது விடையிறுக்கின்றது.

இவ்விடத்து ஒன்றைக் கருத்திற் பதித்தல் வேண்டும். பொறியின் கண் தானே திறந்ததன்று, சொல்லால் திறக்கப்பட்டது. இமேஜ்நெற் தொகுதியின் பெயர்கள் வேட்நெற் என்னும் ஆங்கிலச் சொற்றொகுதியினின்று எடுக்கப்பட்டவை. 2021ஆம் ஆண்டில் ஓப்பின்ஏஐ நிறுவனம் வெளியிட்ட கிளிப் என்னும் அமைப்பு, இணையத்திலிருந்து திரட்டிய நாற்பது கோடிப் படங்களையும் அவற்றோடு நின்ற உரைகளையும் இணைத்துப் பார்த்தே கற்றது. படத்தின் கீழ் யாரோ எழுதிய வரிகளே பொறிக்கு ஆசிரியராயின. எனவே, சொல் வேண்டாத தேடல் என்று போற்றப்படுவது, பிறர் முன்னரே எழுதிவைத்த சொல்லின்மேல் நிற்கும் தேடலேயாகும். அச்சொற்கள் எம்மொழியிலே மிகுந்துள்ளனவோ அம்மொழியாரின் உலகமே பொறியின் கண்ணுக்கு நன்கு விளங்கும்.

உகப்பாக்கத்தில் நேர்ந்த மாற்றம்

இனித் தேடுபொறி உகப்பாக்கம் எவ்வாறு மாறியது என்பதைக் காண்போம். இத்தொழிலின் தொடக்ககாலம் போற்றத்தக்கதன்று. பக்கத்தின் மறைவான இடங்களிற் சொற்களைக் குவித்தும், ஒரே சொல்லை வாக்கியந்தோறும் செருகியும் பொறியை ஏமாற்றுதலே திறமை எனப்பட்டது. பக்கத்தின் உள்ளே மறைத்து எழுதப்படும் திறவுச்சொற் பட்டியலைத் தாம் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே கூறினர். அத்தகைய சொற்குவியலின் மதிப்புக் குறைந்தமை குறித்து வருந்துவதற்கில்லை.

காட்சித் தேடல் வந்தபின் கவனம் படத்தின்மேற் சென்றது. தெளிவான படம், பொருள் நடுவில் நிற்றல், பல கோணங்களிற் பிடித்தல், பின்புலம் குழம்பாமை ஆகியன வேண்டப்பட்டன. இவை நல்ல மாற்றங்களே. வெள்ளவத்தையில் நகையோ புடைவையோ விற்கும் சிறு வணிகர், ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதத் தெரியாவிடினும், தம் பண்டத்தின் உருவத்தாலேயே வாங்குவோரை அடைய வழி பிறந்தது. எழுத்தறியாதார்க்கும், பிறமொழி நாட்டில் வாழ்வார்க்கும் இது பேருதவி. நல்லதை நல்லதென்று ஒப்புக்கொண்ட பின்னரே குறை கூறுதல் முறை.

ஆயினும் தேடுபொறியாளர்தாமே பக்கம் அமைப்போருக்குக் கூறும் அறிவுரைகளைப் பார்த்தால், சொல்லை நீக்குமாறு அவர்கள் யாண்டும் கூறவில்லை. கோப்புக்குப் பொருள் விளங்கும் பெயரிடுக. படத்தின் அருகே அதற்குரிய உரை அமைக. தலைப்பும் விளக்கமும் தருக. மாற்றுரை எழுதுக என்றே கூறுகின்றனர். மாற்றுரை என்பது படம் தோன்றாவிடத்து அதற்கு ஈடாக நிற்கும் வாசகம். 1995ஆம் ஆண்டின் இணையப் பக்க மொழித் தரத்திலேயே அதற்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. கண்பார்வையற்றோர்க்குத் திரைபடிப்பான் படித்துக் காட்டுவதும் அதனையே. பார்வையற்றவர்க்காக அறத்தின்பாற்பட்டு எழுதவேண்டிய வாசகம், பொறிக்கும் பயன்படுகின்றது. அறமும் பயனும் ஒருவழி நிற்கும் இத்தகைய இடங்கள் வாணிகத்தில் மிக அரியன. அங்ஙனமிருந்தும் எமது தமிழ்ப் பக்கங்களில் மாற்றுரை காண்டல் அதனினும் அரிதாயிருக்கின்றது.

ஈழத்தில் இதற்குத் தனியானதொரு காரணமும் உண்டு. நீண்டகாலம் எம்மவர் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்தனர். ஒருங்குறியில் அமையாத அவ்வெழுத்து, எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற உரோம எழுத்துக்களாகவே தோன்றும். ஆதலால் அறிவித்தல்களையும் அழைப்பிதழ்களையும் படமாக்கி அனுப்பும் வழக்கம் வேரூன்றிற்று. ஒருங்குறி பரவிய பின்னரும் அவ்வழக்கம் மாறவில்லை. கொட்டாஞ்சேனையில் நடக்கும் திருவிழா அறிவித்தலாயினும், வெள்ளவத்தையில் நடக்கும் நூல் வெளியீட்டு அழைப்பாயினும், சொல் முழுவதும் படத்துள்ளே அடைபட்டுக் கிடக்கும். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஆற்றல் இன்று பொறிகளுக்கு உண்டு. எனினும் அலங்கார எழுத்தையும், மங்கிய அச்சையும், பழைய எழுத்து வடிவங்களையும் அவை பிழைபடப் படிப்பதுண்டு. தாமே சொல்லைப் படத்துள் ஒளித்துவைத்துப் பின் அதனைப் பொறி கண்டுபிடிக்கும் என்று காத்திருத்தல், கிணற்றை மூடிவைத்து மழையை எதிர்நோக்குவதற்கு ஒப்பாகும்.

மூக்குப்பேணி கூறும் பாடம்

அண்மையில் வெள்ளவத்தையில் அயல்வீட்டார் ஒருவரிடமிருந்த பழைய மூக்குப்பேணியை மாணவன் ஒருவன் கண்டான். யாழ்ப்பாணத்து வீடுகளில் விருந்தினர்க்குத் தேநீரும் மோரும் வழங்கிய பித்தளைக் கலம் அது. பக்கத்தே நீண்ட மூக்குடையது. உதடு படாமல் அண்ணாந்து பருகுதற்கென அமைந்தது. மாணவன் அதன் பெயரறியான். படம் பிடித்துத் தேடுபொறி ஒன்றில் இட்டான். ஆங்கிலத்தில் விடைகள் வந்தன. தேநீர்க் கூசா என்றது ஒன்று. பூஞ்செடிக்கு நீர் வார்க்கும் கலம் என்றது மற்றொன்று. கீழைநாட்டு அலங்காரப் பித்தளைச் சாமான் என்று விலை குறித்தது இன்னொன்று. பின்னர் அயல்வீட்டு அம்மையார் பெயரைச் சொன்னார். அப்பெயரைப் படத்தோடு சேர்த்து இட்டபோது, யாழ்ப்பாணத்துப் பழம்பொருள்கள் பற்றிய குறிப்புகள் சில தோன்றின. படம் மாத்திரம் செய்யமாட்டாததை, ஒரு சொல் துணைநின்று செய்தது.

எமது முன்னோர் காட்சியளவையைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி இவ்விடத்துப் பெரிதும் துணைசெய்யும். சைவசித்தாந்த நூலார், சிறப்பாகச் சிவஞானசித்தியார் செய்த அருணந்தி சிவாசாரியார், காட்சியை ஐயம், திரிபு, விகற்பமின்றிக் காண்டல், விகற்பித்துக் காண்டல் என்று பகுத்து நோக்குவர். ஒன்று உளது என்ற அளவில் நிற்பது நிருவிகற்பக் காட்சி. பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்னும் ஐந்தனோடும் கூட்டி இஃது இன்னது என்று தெளிவது சவிகற்பக் காட்சி. கயிற்றைப் பாம்பென்று காண்டல் திரிபு.

இவ்வளவுகோலைப் பொறிக்கு இட்டுப் பார்ப்போம். மூக்குப்பேணியின் குணத்தைப் பொறி நன்கு கண்டது. மஞ்சள் நிறத்தது, பளபளப்பானது, மூக்குடையது என்பன பிழையற்றவை. சாதியை அரைகுறையாகக் கண்டது. நீர்மப்பொருளை வார்க்கும் கலம் என்பது ஒக்கும். தொழிலைத் திரித்துக் கண்டது. பருகும் கலத்தைச் செடிக்கு நீர் வார்ப்பதாகக் கொண்டது. பெயரை அது காணவேயில்லை. அப்பெயரோடு கூடிய படம் இணையத்தில் அருகியிருந்ததே அதற்குக் காரணம். பொறியைக் குறைகூறுமுன், அதற்கு அப்பெயரைக் கற்பியாத எம்மையும் நோக்குதல் நேர்மையாகும். நீத்துப்பெட்டி, திருகணை, கடகம், பனங்கட்டிக் குட்டான் என்றின்ன பொருள்களின் தெளிவான படத்தையும் அவற்றின் தமிழ்ப்பெயரையும் ஒருங்கே வைத்த பக்கங்கள் எத்துணை உள? பெயரிடுவாரின்மையால் எமது கலம் பிறர் பெயரை ஏற்கின்றது. நாளடைவில் எமது பிள்ளைகளும் அப்பெயராலேயே அதனை அறிவர்.

ஊர் திரும்பிய படிமங்கள்

படத்தோடு படத்தை ஒப்பிடுதலின் உச்சப்பயனையும், பெயரின் இன்றியமையாமையையும் ஒருங்கே காட்டும் உண்மை நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டில் நிகழ்ந்துள்ளன.

புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டு முதல் தென்னாட்டுக் கோயில்களையும் அவற்றிலுள்ள திருமேனிகளையும் முறையாகப் படம்பிடித்து வந்தது. அத்தொகுதி ஒரு இலட்சம் படங்களைக் கடந்தது. படந்தோறும் ஊரும் கோயிலும் காலமும் குறிக்கப்பெற்றன. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் என்னும் சிற்றூரின் பிரகதீசுவரர் கோயிலிலிருந்த சோழர் காலத்து நடராசத் திருமேனியும் 1994ஆம் ஆண்டில் அவ்வாறு படம்பிடிக்கப்பட்டது. பின்னர் அது களவாடப்பட்டது. 2008ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியத் தேசிய கலைக்கூடம் நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஐம்பது இலட்சம் டொலருக்கு ஒரு நடராசரை வாங்கிற்று. கலைக்கூடத்தின் படத்தையும் புதுச்சேரித் தொகுதியின் படத்தையும் அருகருகே வைத்து, திருவாசியின் சுடர்களையும் வார்ப்பின் சிறு வேறுபாடுகளையும் ஒப்பிட்ட ஆர்வலர், இரண்டும் ஒன்றே என்று நிறுவினர். 2014 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் ரொனி அபற் அதனைப் புதுடில்லியில் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து அஷ்மோலியன் அரும்பொருளகத்தில் 1967 முதல் இருந்த திருமங்கையாழ்வார் படிமத்தின் கதையும் இத்தகையதே. 1957ஆம் ஆண்டில் கும்பகோணத்தருகே சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் எடுத்த படமொன்று புதுச்சேரித் தொகுதியில் இருந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவர் 2019ஆம் ஆண்டில் அதனைச் சுட்டிக்காட்டினார். 2024ஆம் ஆண்டில் பல்கலைக்கழகப் பேரவை படிமத்தை மீளளிக்க உடன்பட்டது.

இவ்விரு வழக்கிலும் ஒப்பிட்டோர் மனிதர், பொறியன்று. இலட்சம் படங்களுள் ஒத்தவற்றைப் பொறுக்கித் தரும் வேலையை இனிப் பொறி விரைவில் முடிக்கக்கூடும். அஃது உவந்து வரவேற்கத்தக்கது. ஆயினும் வழக்கை வென்றது எது என்று சிந்தித்தல் வேண்டும். இப்படமும் அப்படமும் ஒன்று என்று காட்டுவதோடு காரியம் முடியவில்லை. முந்திய படம் இன்ன ஊரில், இன்ன கோயிலில், இன்ன ஆண்டில் எடுக்கப்பட்டது என்று உடன்நின்ற குறிப்பே திருமேனிக்கு ஊரைத் தந்தது. அக்குறிப்பு இல்லையாயின், ஒத்த இரு படங்கள் இருந்தன என்பதற்குமேல் எவரும் எதனையும் கூறியிருத்தல் இயலாது. படம் பொருளைக் கண்டது. சொல் அதற்கு உரிமையைப் பெற்றுத் தந்தது.

உருவம் ஒத்திருத்தல் மயக்கம் விளைப்பதும் உண்டு. ஆடும் சம்பந்தப்பிள்ளையாரின் படிமமும் ஆடும் கண்ணனின் படிமமும் தோற்றத்தில் மிக நெருங்கியவை. வலக்கரத்து விரல் வானோக்கிச் சுட்டுதல் கொண்டே பிள்ளையார் சம்பந்தர் என்று துணிவர். அவ்விரலின் பொருள், கதை அறிந்தார்க்கே விளங்கும். கொழும்பு அரும்பொருட்சாலையிலுள்ள பொலனறுவைச் சைவப் படிமங்களை ஆனந்த குமாரசுவாமியும் பொன். அருணாசலமும் ஆராய்ந்தகாலை, அடியார்களை இன்னார் என்று தெளிய அவர்களுக்குத் துணைநின்றது கண் மாத்திரமன்று, பெரியபுராணக் கல்வியுமாகும். எண்வரிசைகளின் அண்மை, விரல் சுட்டும் திசையை அளக்கலாம். அது யாரைச் சுட்டுகின்றது என்பதை அளத்தல் இயலாது.

இரு தடைகளும் விடைகளும்

இக்கருத்துக்கு எதிராக இருவகைத் தடைகள் எழலாம்.

பொறிகள் தாமே இன்று படத்திற்கு விளக்கம் எழுதுகின்றன, மனிதர் ஏன் எழுதல் வேண்டும் என்பது முதலாவது தடை. பொறி எழுதும் விளக்கம் சாதியையும் குணத்தையும் கூறும். பழைய கல்லூரிப் படமொன்றைக் கொடுத்தால், வெள்ளுடை அணிந்த மாணவர் மூன்று வரிசையாக நிற்கின்றனர், நடுவே ஆசிரியர் அமர்ந்திருக்கின்றார் என்று பிழையின்றி எழுதும். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவர் எவர் என்பதையும், அப்படம் எந்த விழாவில் எடுக்கப்பட்டது என்பதையும் அதனால் எழுத முடியாது. அறிந்தவர் சொன்னாலன்றி அஃது எவர்க்கும் தெரியப்போவதில்லை. முகத்தைக்கொண்டு ஆளைத் தேடும் பொறிகளும் உளவே எனின், வாழ்வோர் முகத்தை அவ்வாறு தேடுதல் அவர்தம் அமைதிக்கு ஊறாகும். அத்தகைய முகத்தேடலை ஆக்கிய பின்னும் வெளியிடாது நிறுத்திவைத்ததாகக் கூகிள் நிறுவனத் தலைவர் 2011ஆம் ஆண்டிற் கூறியமை நினைவுகூரத்தக்கது. பெயரிடுதல் உரியவர் இசைவோடு, அறிந்தவர் வாயால் நிகழ்தலே முறை.

தமிழிற் பெயரிட்டால் உலகம் காணாது, ஆங்கிலத்திலேயே எழுதல் வேண்டும் என்பது இரண்டாவது தடை. இது வாணிகர் அடிக்கடி கூறுவது. இரண்டையும் எழுதுக என்பதே எமது விடை. ஆங்கிலம் பிறரை அழைக்கும். தமிழ் பொறிக்குக் கற்பிக்கும். இன்று நாம் எழுதும் வாசகங்கள் நாளை பொறி கற்கும் பாடங்களாகின்றன என்பதை மேலே கண்டோம். தமிழ்ப்பெயர் எழுதாத வணிகர் இன்று ஒரு சொல்லை மிச்சப்படுத்துகின்றார். நாளை தம் பண்டம் தம் பெயரால் அறியப்படும் வாய்ப்பை இழக்கின்றார்.

எமது கடன்

ஈழத் தமிழர் ஆவண இழப்பின் கொடுமையை நன்கறிந்தவர். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எஞ்சியவற்றைக் காக்கும் உணர்வு அதன்பின் வலுப்பெற்றது. 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படிவமாக்கி எவரும் படிக்க வைத்துள்ளது. 1942இல் தோன்றி இன்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் எமக்கு அணித்தே உளது. இவை பாதுகாத்த ஏடுகளைப் போலவே, எமது வீட்டுப் பெட்டகங்களிலும் கல்லூரி அலுமாரிகளிலும் நிழற்படங்கள் குவிந்து கிடக்கின்றன. நெருப்பிற்கும் வெள்ளத்திற்கும் தப்பிய அப்படங்களை மறதி தின்றுகொண்டிருக்கின்றது. படம் இருக்க, பெயர் மறைதலும் ஓர் அழிவே.

ஆதலால் மூன்று செயல்களை இக்கல்லூரியாரின் முன் பணிவோடு வைக்கின்றோம். முதலாவது, கல்லூரியின் பழைய படங்களை எண்ணிமமாக்குங்கால், பழைய மாணவரையும் ஓய்வுபெற்ற ஆசிரியரையும் அருகிருத்தி, ஆண்டு, இடம், நிகழ்ச்சி, நிற்போர் பெயர் ஆகியவற்றை அவர்வாய்க் கேட்டு எழுதுதல் வேண்டும். எண்பது வயதைக் கடந்தவரிடம் முதலிற் செல்லுதல் வேண்டும். இரண்டாவது, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளைத் தெளிவாகப் படம்பிடித்து, அதன் பெயரையும் பயனையும் மூத்தோரிடம் கேட்டு ஐந்து வரியில் எழுதி ஒருங்குறியில் வெளியிடலாம். செயற்கை வடிவங்களுக்குத் திவாகரர் செய்த தொண்டை இக்காலத்திற்கேற்பத் தொடர்வதாக அது முடியும். மூன்றாவது, சங்கங்களும் கோயில்களும் கடைகளும் தம் அறிவித்தலைப் படமாக வெளியிடும்போது, அதே செய்தியை எழுத்திலும் தருதல் வேண்டும். பார்வையற்ற ஒருவர் அதனைக் கேட்டறிவார் என்ற ஒரு காரணமே அதற்குப் போதும்.

காட்சித் தேடுபொறி தீங்கானது என்பது எமது கருத்தன்று. சொல்லறியாதானுக்கு வழிகாட்டும் நல்ல துணை அது. ஆயின் அத்துணையின் கண்ணைத் திறந்தது சொல். அது கண்டதை உறுதிப்படுத்துவதும் சொல். சொல்லைக் குவித்து ஏமாற்றிய உகப்பாக்கத்தின் காலம் முடிந்திருக்கலாம். உரிய பொருளுக்கு உரிய பெயரை உண்மையாக எழுதிவைக்கும் உகப்பாக்கத்திற்கு இப்போதுதான் காலம் வந்திருக்கின்றது. அதனைப் பிறர் எமக்காகச் செய்யார். அயல்வீட்டு அம்மையார் அன்று பெயரைச் சொல்லாதிருந்தால், அந்த மூக்குப்பேணி அம்மாணவனுக்கு என்றும் செடிக்கு நீர் வார்க்கும் கலமாகவே இருந்திருக்கும்.